மிளகாய் வறுத்தால் தும்முகிறார், மல்லிகைப்பூ மட்டும் மணக்கவில்லை என்கிறார்: அம்மாவின் மூக்குக்கு என்ன ஆயிற்று?

முருகன்குறிச்சி | ஞாயிறு, காலை 7:20

எல்லோருக்கும் வணக்கம். இது உடல்நலப் பகுதிக்கான கேள்வியா, அறிவியல் பகுதிக்கானதா என்று தெரியாமல் பொதுப்பகுதியில் போடுகிறேன். இடம் தவறென்றால் நெறியாளர் மாற்றிவிடலாம்.

அம்மாவுக்கு வயது 61. ஐப்பசி மழையில் ஒரு காய்ச்சல் வந்து நான்கு நாளில் போனது. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அடைப்பு இல்லை, சளி இல்லை, மூச்சு நன்றாகப் போகிறது. வாசனை மட்டும் இல்லை. இரண்டு மாதம் ஆகிறது. முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. சொதியில் இஞ்சிச் சாறு இரண்டு மடங்கு விழுந்தது. ரசத்தில் பெருங்காயம் ஒரு நாள் கட்டியாகக் கிடந்தது, மறுநாள் இல்லவே இல்லை. வயதாகிறது, கைமறதி என்று நினைத்தோம். பிறகு ஒரு நாள் காலை பால் அடிப்பிடிக்கும் வாடை மாடியில் இருந்த எனக்கு வந்தது. இறங்கி ஓடினால் அடுப்புக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்து அம்மா நிதானமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது. காட்டிய மருத்துவர் "சளியின் மிச்சம், போகப் போகச் சரியாகும்" என்று மூக்கில் விடும் சொட்டு மருந்து கொடுத்தார். சரியாகவில்லை.

இப்போது கேள்வி. நேற்று சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுத்தோம். வீட்டில் முதல் தும்மல் அம்மாவுடையது. கண்ணில் நீர், இருமல், எல்லாம். அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "மூக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது, இவள்தான் கவனிப்பதில்லை." நேற்றிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. வாசனை தெரியாதவருக்கு மிளகாய் மட்டும் எப்படித் தெரியும்?


கொக்கிரகுளத்தான் | ஞாயிறு, காலை 7:48

தம்பி, கல்யாணமாகி முப்பது நாற்பது வருஷமான வீட்டில் "கவனிப்பதில்லை" என்பது நோயின் பெயர் இல்லை, பழைய வழக்கின் பெயர். விஷயம் தெரிந்தவர்கள் வரட்டும், திண்ணையில் இடம் பிடித்துவிட்டேன்.


அம்பை வாத்தியார் | ஞாயிறு, காலை 8:35

பள்ளியில் நெடுங்காலம் விலங்கியல் நடத்தியவன். ஓய்வுபெற்றும் கரும்பலகைப் பழக்கம் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, அம்மா சொல்வதும் உண்மை, தும்மலும் உண்மை. மூக்குக்குள் இரண்டு தனித்தனிக் கம்பிகள் ஓடுகின்றன. ஒன்று முதலாம் மூளை நரம்பு. மூக்கின் உச்சியில், இரு கண்களுக்கு நடுவே இருக்கும் இடத்தில், தபால் தலை அளவுக்கு ஒரு சவ்வு இருக்கிறது. வாசனை அறியும் நரம்பணுக்கள் பல லட்சம் அங்கேதான் குடியிருக்கின்றன. அவற்றின் இழைகள் சல்லடை போலத் துளைத்த ஒரு மெல்லிய எலும்பின் வழியாக மேலேறி, மூளையின் அடியில் இருக்கும் முகர்குமிழைத் தொடுகின்றன. மல்லிகை, நெய், கருப்பட்டி எல்லாம் இந்த வழி.

மற்றது ஐந்தாம் மூளை நரம்பு. மூன்று கிளையாகப் பிரிந்து முகம், கண், வாய், மூக்கின் உட்புறம் எல்லாவற்றிலும் பரவியிருக்கிறது. தொடுதல், சூடு, குளிர், எரிச்சல், வலி ஆகியவை இதன் வேலை. மிளகாயை வறுக்கும்போது எழும் காரம் மூக்கின் சவ்வில் பட்டதும், சுடுதண்ணீர் பட்டால் விழித்துக்கொள்ளும் அதே ஏற்பியை, அதாவது நரம்பு முனையில் செய்தியை வாங்கும் புரதத்தை, அது எழுப்பிவிடுகிறது. இந்த ஏற்பியை 1997-இல் கண்டுபிடித்தவர் டேவிட் ஜூலியஸ். 2021-இல் நோபல் பரிசு பெற்றார். மிளகாய் "எரிகிறது" என்று நாம் சொல்வது உவமை இல்லை. நரம்புக்கு அது நெருப்புதான். ஐந்தாம் நரம்பு அந்தச் செய்தியை, மூளையின் அடியில் தண்டுவடத்தை ஒட்டியிருக்கும் முகுளத்துக்குக் கொண்டுபோகிறது. முகுளம் யாரையும் கேட்காமல் நெஞ்சுத் தசை, உதரவிதானம், தொண்டை எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் கட்டளை போடுகிறது. அதுதான் தும்மல். கண்ணீரும் அப்படியே இன்னொரு சுற்று.

ஆக, அம்மாவுக்கு அறுந்திருப்பது ஒன்றாம் கம்பி. ஐந்தாம் கம்பியில் மின்சாரம் இருக்கிறது.

நம் பேச்சிலேயே இந்தப் பாகுபாடு கிடக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? மல்லிகைக்கு மணம், மிளகாய்க்கும் புகையிலைக்கும் நெடி. மணம் வீசும், கமழும். நெடி ஏறும். அந்த "ஏறும்" என்ற வினைச்சொல்லை முதலில் வைத்தவர் யாரோ, ஐந்தாம் நரம்பை நன்றாக அறிந்தவர்.


கொக்கிரகுளத்தான் | ஞாயிறு, காலை 8:50

சார், அப்படியானால் மூக்குப்பொடி போடுகிற எங்கள் பெரியப்பாவுக்கு எந்தக் கம்பி? அவர் தும்மி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் தும்முவார்.


பிச்சிப்பூ | ஞாயிறு, காலை 9:15

முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். அண்ணாச்சி சொன்னதும் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் அம்மா, சித்தி, மதினி மூவரும் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுபவர்கள். வீட்டில் புகையிலை வாடை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, ஆறு மாதம் கழித்துப் பொங்கலுக்கு வந்தபோதுதான், வாசற்படியிலேயே முகத்தில் அறைந்தது. அம்மாவிடம் கேட்டேன். "என்ன வாடை? ஒன்றும் இல்லையே" என்றார். மறுநாள் எனக்கும் தெரியவில்லை. மூக்கு ஏன் இப்படி ஏமாற்றுகிறது?

அம்மாவுக்கு இன்னொரு தொல்லை. நாள் முழுக்கப் பீடி சுற்றினால் தலைசுற்றல், குமட்டல். மோந்து மோந்து வருகிறது என்கிறார். உண்மையா?


கல்லிடை | ஞாயிறு, பகல் 11:40

கல்லிடைக்குறிச்சிக்காரன், இப்போது வெளியூரில் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்க்கிறேன். வாத்தியார் சார் சொன்னதில் திருத்த ஒன்றும் இல்லை, சேர்க்க மட்டும் சில.

முருகன்குறிச்சி தம்பி: நாங்கள் நுகர்ச்சியைச் சோதிக்கும்போது கண்ணை மூடச் சொல்லி, ஒரு நாசியை அடைத்து, மற்ற நாசியில் காபித்தூள், கிராம்பு மாதிரி ஒன்றைக் காட்டுவோம். அமோனியாவைக் காட்டமாட்டோம்; ஏனென்றால் அது ஐந்தாம் நரம்பைக் குத்தும். ஒருவர் பொய்யாக வாசனை தெரியவில்லை என்கிறார் என்று ஐயம் வந்தால் மட்டுமே அமோனியாவை எடுப்போம். உண்மையிலேயே நுகர்ச்சி போனவர் அதற்கு முகத்தைச் சுளித்துப் பின்வாங்குவார். பொய் சொல்பவர் "அதுவும் தெரியவில்லை" என்று அசையாமல் நிற்கப் பார்ப்பார், மாட்டிக்கொள்வார். உங்கள் அம்மா மிளகாய்க்குத் தும்மியது அவர் சொல்வது உண்மை என்பதற்கான சாட்சி. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

காய்ச்சலுக்குப் பின் நுகர்ச்சி போவது பழைய கதை. 2020-இல் கொரோனா வந்துதான் வீட்டுக்கு வீடு தெரிந்தது. அந்த வைரஸ் பெரும்பாலும் வாசனை அறியும் நரம்பணுவைத் தாக்குவதில்லை. அதைச் சுற்றி நின்று ஊட்டம் கொடுக்கும் துணை அணுக்களைத் தாக்குகிறது என்று அந்த ஆண்டே கண்டார்கள். பந்தற்கால் சரிந்தால் கொடி என்ன ஆகுமோ அதுதான். நல்ல செய்தி என்னவென்றால், அந்தச் சவ்வின் அடியில் இருக்கும் மூல அணுக்களிலிருந்து புதிய நரம்பணுக்கள் வாழ்நாள் முழுக்க முளைத்துக்கொண்டே இருக்கின்றன. உடம்பில் இப்படி ஓயாமல் புதுப்பிறவி எடுக்கும் நரம்பணுக்கள் மிகக் குறைவு. ஆனால் முளைத்த இழை சரியான இடம் தேடிப் போய்ச் சேரவேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும்.

அதற்கு ஒரு பயிற்சி உண்டு. 2009-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் குழுவினர் வெளியிட்டது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலை ஒருமுறை, இரவு ஒருமுறை, ஒவ்வொன்றையும் பத்து நொடி போல முகரவேண்டும். பன்னிரண்டு வாரம். வெறுமனே மோந்து பார்ப்பது போதாது. இது கிராம்பு, இப்படித்தான் இருக்கும் என்று மனத்தில் வரவழைத்துக்கொண்டே முகரவேண்டும். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். செலவு குறைவு, கெடுதல் இல்லை. யூகலிப்டஸ் தைலம் ஐந்தாம் நரம்பையும் தொடும், ஆகவே அதில் சில்லென்று ஏறினால் வாசனை திரும்பிவிட்டது என்று கொண்டாடிவிட வேண்டாம். ஒருமுறை நேரில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உள்நோக்கிச் சோதனை செய்துகொள்ளுங்கள். மூக்கில் சதை வளர்ச்சி இல்லை என்று உறுதி செய்யவேண்டும்.

இதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது: சமையல் எரிவாயு. அதற்கு இயற்கையில் வாடை கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு அது இப்போது வெறுங்காற்று. எரிவாயு காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். கசிவு அறிவிக்கும் கருவியை அடுப்பு மேடையின் கீழே, தரைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். இரவில் ரெகுலேட்டரை மூடுவது உங்கள் பொறுப்பாக இருக்கட்டும்.

பிச்சிப்பூ தங்கை: உங்கள் அம்மாவின் தலைசுற்றலுக்கு மூக்கைக் குற்றம் சொல்லவேண்டாம். புகையிலையின் நிக்கோடின் தோல் வழியாகவே உடம்பில் இறங்கும். தூசும் நுரையீரலுக்குள் போகும். கை கழுவாமல் சாப்பிடக்கூடாது, சன்னலைத் திறந்துவைத்துச் சுற்றவேண்டும். குமட்டல் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.


அம்பை வாத்தியார் | ஞாயிறு, மாலை 4:10

மூக்கு ஏமாற்றுகிறதா என்ற பிச்சிப்பூவின் கேள்வி பாக்கி இருக்கிறது.

ஏமாற்றவில்லை, அம்மா; சிக்கனம் செய்கிறது. நரம்புக்கு மாற்றம்தான் செய்தி. மாறாமல் இருப்பது செய்தி இல்லை. ஒரே வாடை தொடர்ந்து வந்தால் ஏற்பியே சுருதி இறங்கிவிடும். மேலே மூளையும் "இது தெரிந்ததுதான்" என்று காதை மூடிக்கொள்ளும். அதனால்தான் வீட்டுக்காரருக்குத் தன் வீட்டு வாடை தெரியாது, விருந்தாளிக்குத் தெரியும். தாமிரபரணியில் கால் வைத்ததும் சிலீரென்கிறது, ஐந்து நிமிடத்தில் தெரிவதில்லை அல்லவா, அதே கணக்கு. மூக்குப்பொடிப் பெரியப்பாவின் சவ்வும் பழகிப் பழகி மரத்துப்போயிருக்கும்.

ஏற்பிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த பகுதி. மனிதனுக்கு ஏறக்குறைய 400 வகை வாசனை ஏற்பிகள் வேலை செய்கின்றன. எலிக்கு ஆயிரத்துக்கும் மேல். இவற்றின் மரபணுக் குடும்பத்தை 1991-இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் கண்டார்கள். 2004-இல் நோபல் கிடைத்தது. ஒரு நரம்பணுவில் ஒரே வகை ஏற்பிதான் இருக்கும். ஆனால் மல்லிகைக்கு ஓர் ஏற்பி, நெய்க்கு ஓர் ஏற்பி என்று பங்கு போட்டு வைக்கவில்லை. ஒரே ஏற்பி பல வாசனைகளில் சேரும். ஒரே வாசனை பல ஏற்பிகளை எழுப்பும். தமிழ் எழுத்து எத்தனை? அதை வைத்து எத்தனை சொல் எழுதுகிறோம்? அப்படி. அளவு மாறினாலும் சொல் மாறிவிடும். மல்லிகையில் இண்டோல் என்று ஒரு பொருள் இருக்கிறது. மலத்திலும் அதுவே இருக்கிறது. துளியளவில் மணம், மிகுந்தால் குமட்டல். அடைத்த அறையில் ஒரு கூடை மல்லிகையோடு படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.


கரிசல்காடு | ஞாயிறு, இரவு 8:05

வாடை பழகிப்போவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் அதை வைத்து உயிர் போயிருக்கிறது. மலக்குழிக்குள் இறங்குகிறவர் "முதலில் அழுகிய முட்டை வாடை வந்தது, இப்போது இல்லை, இறங்கலாம்" என்று நினைப்பார். வாடை இல்லாமல் போனது காற்று சுத்தமானதால் இல்லையே. விவரம் தெரிந்தவர்கள் இதை அழுத்திச் சொல்லுங்கள்.


கல்லிடை | ஞாயிறு, இரவு 9:30

கரிசல்காடு அண்ணாச்சி, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு. காற்றில் மிகச் சிறு அளவில் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டினால் சில நிமிடங்களில் நுகர்ச்சியே செத்துவிடும். அதற்கு மேல் ஏறினால் மயக்கம், மூச்சு நின்றுபோகும். மூக்கை நம்பி இறங்கக்கூடாத இடம் அது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை அதில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காப்பாற்றப் போகிறேன் என்று அடுத்தவர் குதிப்பதும் அடுத்த சாவு. பாழுங்கிணற்றில் தேங்கும் கரியமில வாயுவுக்கு வாடை என்பதே கிடையாது, அது இன்னொரு எமன்.


மகாராஜநகர் | திங்கள், காலை 6:55

எல்லாம் படித்தேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது. "முகுளம் யாரையும் கேட்காமல் கட்டளை போடுகிறது" என்றார் வாத்தியார். முகுளமும் மூளையில்தானே இருக்கிறது? உடம்பில் எல்லாம் மூளை சொல்லித்தான் நடக்கும். சூடு பட்டால் கை இழுப்பதும் அவ்வளவு வேகமாக மூளை முடிவெடுக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். தண்டுவடம் சும்மா ஒரு கேபிள்.

இன்னொன்று, அனிச்சைச் செயல் என்ற பெயர் அனிச்ச மலரிலிருந்து வந்ததா? மோந்தால் வாடும் பூ. மூக்கும் அனிச்சையும் ஒரே சொல்லில் இருக்கிறதே!


அம்பை வாத்தியார் | திங்கள், காலை 7:30

அழகான எண்ணம், ஆனால் தவறு. இச்சை இல்லாமல் நடப்பது அன்-இச்சை, அனிச்சை. வடமொழிச் சேர்க்கை. பூவுக்கும் அதற்கும் உறவில்லை. தொட்டாற்சிணுங்கியையும் இதில் சேர்க்கக்கூடாது. அதற்கு நரம்பு கிடையாது, இலைக்காம்பின் அடியில் நீரழுத்தம் இறங்குவதால் மடங்குகிறது. தண்டுவடம் பற்றிய கேள்விக்கு நம் இயன்முறைக்காரர் வரட்டும்.


தெற்குபஜார் இயன்முறை | திங்கள், இரவு 10:15

வந்துவிட்டேன். மகாராஜநகர் அண்ணன், கேபிள் என்று சொன்னது தண்டுவடத்துக்கு மானநஷ்டம்.

ஊரில் கோழி அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தலை போன பிறகும் கோழி எகிறிக் குதிக்கும், சிறகை அடிக்கும். அங்கே முடிவெடுப்பது யார்? மூளை நீக்கிய தவளையின் முதுகில் ஒரு துளி அமிலம் வைத்தால் அது பின்னங்காலைத் தூக்கிச் சரியாக அந்த இடத்தைத் துடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செய்து காட்டியது.

இப்போது நம் பக்கத்துக் கதை. தேரிக்காட்டில் செருப்பில்லாமல் நடக்கிறீர்கள், உடைமுள் ஏறுகிறது. பாதத்திலிருந்து செய்தி தண்டுவடத்துக்குள் நுழைகிறது. அங்கேயே ஓர் இடைநரம்பணு, அதிலிருந்து இயக்க நரம்பணு, அதிலிருந்து தொடைத் தசை. கால் மேலே வந்துவிட்டது. "ஐயோ" என்று நீங்கள் உணர்வது அதற்குப் பிறகு. அதோடு முடியவில்லை: வலது கால் மேலே போகும் அதே நொடியில் இடது கால் விறைத்து உடம்பைத் தாங்குகிறது. இல்லாவிட்டால் முள்ளை விட்டுத் தப்பித்து முகத்தில் விழுவோம். மடக்கும் தசைக்குக் கட்டளை போகும்போதே அதற்கு எதிரான நீட்டும் தசைக்கு "நீ அடங்கு" என்றும் போகிறது. இதையெல்லாம் வகுத்துச் சொன்னவர் இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன். 1932-இல் நோபல். நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்துக்கு சினாப்ஸ் என்ற பெயரும் அவர் காலத்தில், 1897-இல் வந்ததுதான்.

வலி இரண்டு தவணையில் வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் சுருக்கென்று ஒரு குத்து. ஓர் இடைவெளி. பிறகு எரிச்சலும் கடுகடுப்பும். முதலாவது வரும் நரம்பிழைக்கு மெல்லிய உறை உண்டு, நொடிக்கு ஐந்திலிருந்து முப்பது மீட்டர். இரண்டாவதுக்கு உறையே இல்லை, நொடிக்கு ஒரு மீட்டர் போல, மாட்டு வண்டி. பாதத்திலிருந்து தலைக்கு ஒன்றரை மீட்டர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நரம்பின் வேகத்தை 1850-இல் தவளையின் நரம்பில் முதலில் அளந்தவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். ஏறக்குறைய நம் நாற்கரச் சாலையில் கார் போகும் வேகம் வந்தது. அதற்கு முன் அளக்கவே முடியாத வேகம் என்று பெரிய பெரிய ஆட்கள் நம்பியிருந்தார்கள்.

முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது இன்னும் எளிய சுற்று, நடுவில் இடைநரம்பணுகூட இல்லை. 1875-இல் எர்ப், வெஸ்ட்ஃபால் என்ற இரு ஜெர்மானியர்கள் தனித்தனியாக எழுதியது. உதைப்பதற்காக உடம்பு அதை வைத்திருக்கவில்லை. நிற்கும்போது முழங்கால் சற்று மடங்கினால் தசை இழுபடும்; இழுபட்ட தசை உடனே சுருங்கி நிமிர்த்தும். நாம் விழாமல் நிற்பதே இந்த ஓயாத சிறு திருத்தங்களால்தான்.


மகாராஜநகர் | செவ்வாய், காலை 7:05

கோழியில் தோற்றேன். ஆனால் எங்கள் ஆச்சி கொதிக்கிற குழம்புச் சட்டியை வெறுங்கையால் அடுப்பிலிருந்து இறக்குவார். கையை இழுக்கவே மாட்டார். அவர் தண்டுவடம் எங்கே போயிற்று?


தெற்குபஜார் இயன்முறை | செவ்வாய், காலை 7:40

நல்ல வாதம். தண்டுவடம் அங்கேயே இருக்கிறது, மேலிருந்து தடை உத்தரவு வருகிறது. சட்டியைப் போட்டால் குழம்பு போகும், பக்கத்தில் விளையாடும் பேரன் மேல் கொட்டும். அது முன்கூட்டியே தெரிந்த மூளை, கீழே இறங்கும் நரம்புகள் வழியாக அந்தச் சுற்றை அடக்கி வைக்கிறது. சுதாரிக்காத நேரத்தில் அதே சூடு பட்டால் ஆச்சியும் இழுப்பார். நீண்ட நாள் அடுப்படி வேலையில் தோல் காய்த்துப்போயிருப்பதும் ஒரு காரணம்.

இதில் கவலைப்படவேண்டியது இன்னொன்று. சர்க்கரை நோய் நீண்டகாலம் இருந்தால் பாதத்து நரம்புகள் மெல்ல மெல்லச் சாகும். ஒரு பெரியவர், சித்திரை வெயிலில் கோயில் வெளிப் பிரகாரத்தைச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். மருமகள் பாதத்தைப் பார்த்து அலறிய பிறகுதான் கொப்புளம் தெரிந்திருக்கிறது. கட்டளை போடும் பக்கம் நன்றாக இருந்தது; செய்தி கொண்டுவரும் பக்கம் அறுந்திருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் உள்ளங்காலை இரவில் ஒருமுறை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். அவர்களுக்கே தெரியாது.


பிச்சிப்பூ | செவ்வாய், காலை 8:20

நெல்லையப்பர் கோயில் என்றதும்... இல்லை, நீங்கள் எந்தக் கோயில் என்று சொல்லவில்லை. எனக்கு ஒரு விசித்திரம். உள்ளே இருட்டு மண்டபத்திலிருந்து சன்னதித் தெருவின் வெயிலுக்கு வந்ததும் இரண்டு தும்மல் வரும். நெடியும் இல்லை, தூசும் இல்லை. அம்மாவுக்கும் அப்படியே. திருநீற்றுத் தூசு என்று நினைத்திருந்தேன்.


கல்லிடை | செவ்வாய், பகல் 1:10

வெளிச்சத் தும்மல். பரம்பரையாக வருவது, நோய் இல்லை. கண் கூசும் செய்தியும் மூக்கின் செய்தியும் பக்கத்துப் பக்கத்துப் பாதையில் போவதால் ஒன்று மற்றதில் கசிகிறது என்பது பொதுவான விளக்கம். வண்டி ஓட்டும்போது மட்டும் கவனம்.

வண்டி என்றதும் ஒன்று. தலைக்கவசம் இல்லாமல் விழுந்து பின்மண்டை அடிபட்டால், மூளை குலுங்கும்போது சல்லடை எலும்பின் துளைகளில் ஏறிப் போகும் முகர் இழைகள் அரிவாள்மணையில் கீரை போல அறுபடும். அந்த நுகர்ச்சி திரும்புவது காய்ச்சலில் போனதைவிட அரிது.


கரிசல்காடு | புதன், இரவு 8:45

இத்தனை பேர் மூக்கைப் பிரித்து மேய்ந்துவிட்டீர்கள், எனக்குக் கேட்கவேண்டியது வேறு. கோடை முடிந்து கரிசல் மண்ணில் முதல் மழை விழும்போது ஒரு வாசனை. அது வந்தால் எனக்கு அப்பா ஞாபகம். விதைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அப்பா. அவர் போட்டோவைப் பார்த்தால்கூட இவ்வளவு துலக்கமாக வருவதில்லை. ஏன்?


அம்பை வாத்தியார் | வியாழன், காலை 6:30

கரிசல்காடு, இதற்கு இரவெல்லாம் யோசித்தேன்.

கண், காது, தோல் இவற்றின் செய்திகள் மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற சாவடியில் இறங்கித்தான் மேலே போகவேண்டும். மோப்பம் மட்டும் அந்தச் சாவடிக்குள் நுழையாமல் முகர்குமிழிலிருந்து நேராகப் போகிறது. போகும் இடங்களில் ஒன்று அமிக்டலா, அச்சமும் ஆசையும் உறையும் இடம். அடுத்த வாசல் ஹிப்போகேம்பஸ், நினைவு பதியும் இடம். அதனால் பெயர் நாவில் வருவதற்கு முன்பே ஆள் வந்து நின்றுவிடுகிறார்.

மண்வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிர்கள் செய்வது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். நாயைவிட நம் மூக்கு மட்டம் என்று எல்லாவற்றிலும் சொல்லிவிட முடியாது. அந்த வாசனைக்கு 1964-இல் ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் இருவர் பெட்ரிக்கோர் என்று கிரேக்கத்தில் பெயர் வைத்தார்கள். உத்தரப்பிரதேசத்தின் கன்னோசியில் அதற்கு வெகு முன்பிருந்தே மண்ணைச் சுட்டு அத்தர் இறக்குகிறார்கள்.

அதே ஜியோஸ்மின் குளத்து மீனில் சேற்று வாடையாக வரும். அமிலத்தில் அது சிதையும். கவிச்சிக்குக் காரணமான டிரைமெத்திலமீனும் அமிலத்தோடு சேர்ந்தால் ஆவியாகாத உப்பாக மாறி அடங்கும். கெண்டைக் குழம்புக்குப் புளியைக் கூட்டிக் கரைத்த பாட்டிமாருக்கு வேதியியல் பட்டம் கொடுத்திருக்கவேண்டும்.

இன்னும் ஒரு செய்தி, தெற்குபஜாருக்காக. ஷெரிங்டனோடு 1932 நோபலைப் பகிர்ந்த எட்கர் ஏட்ரியன், பிற்காலத்தில் முள்ளெலியின் மூளையில் மின்முனை வைத்து மோப்பத்தைத்தான் ஆராய்ந்தார். இந்த இழையில் நாம் இரண்டையும் முடிந்துகொண்டிருப்பது தற்செயல், ஆனால் பொருத்தம்.


முருகன்குறிச்சி | வியாழன், இரவு 9:00

எல்லோருக்கும் நன்றி. அமோனியாக் கதையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து எழுந்து போய்க் கிராம்பு வாங்கி வந்தார். எரிவாயுக் கருவி மாட்டியாகிவிட்டது. யூகலிப்டஸ் தைலம் வீட்டில் இருந்தது, ரோஜாவுக்குப் பன்னீர். நான்கு சிறு பாட்டில்களில் பஞ்சு போட்டு வைத்திருக்கிறேன். முகரும்போது அம்மாவுக்கு முகம் கோயிலில் நிற்பது போல ஆகிவிடுகிறது.

ஒரு சந்தேகம். அம்மாவுக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு எல்லாம் தெரிகிறது. ஆனால் "எல்லாம் ஒரே ருசி" என்கிறார். நாக்கும் கெட்டுவிட்டதா?


கல்லிடை | வியாழன், இரவு 10:20

நாக்கு நன்றாக இருக்கிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு வாசனை. மெல்லும்போது உணவின் ஆவி தொண்டையின் பின்பக்கமாக ஏறி, மூச்சு விடும்போது அந்தத் தபால்தலைச் சவ்வைத் தொடுகிறது. நம்பாதவர்கள் நம் ஊர்ப் பொருளை வைத்தே சோதிக்கலாம்: மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு அல்வாவை வாயில் போடுங்கள். வழவழப்பும் தித்திப்பும் மட்டும்தான். மூக்கை விடுங்கள். நெய்யும் சம்பாக் கோதுமையும் அப்போதுதான் வந்து சேரும்.


கொக்கிரகுளத்தான் | வியாழன், இரவு 10:31

மூன்று முறை சோதித்துவிட்டேன். நாளையும் சோதிப்பதாக உத்தேசம்.


முருகன்குறிச்சி | (பதினோரு வாரம் கழித்து) ஞாயிறு, காலை 10:05

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன். ஐந்தாம் வாரம் வரை ஒன்றும் இல்லை. ஆறாம் வாரம் கிராம்பு பாட்டிலில் "ஏதோ இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை" என்றார். எட்டாம் வாரம் அது கிராம்பு என்றார். எலுமிச்சை வந்தும் போயும் இருக்கிறது. பிச்சிப்பூவை முகர்ந்துவிட்டு, "மணக்கவில்லை, ஆனால் பிச்சி என்று தெரிகிறது" என்றார். இதற்கு என்ன அர்த்தமோ. காபி மட்டும் எரிந்த டயர் வாடை அடிக்கிறதாம். டம்ளரைக் கண்டாலே எழுந்து போய்விடுகிறார். அப்பா இருவர் காபியையும் குடிக்கிறார்.


கல்லிடை | ஞாயிறு, பகல் 12:15

எரிந்த டயர் நல்ல அறிகுறி, பயப்படாதீர்கள். புதிய இழைகள் அரைகுறையாக இணைந்திருக்கின்றன. 400 எழுத்தில் பாதி எழுத்து விட்டுப்போன சொல்லை மூளை தப்பாகப் படிக்கிறது. காபி, வெங்காயம், பூண்டு, வறுத்த கறி இவற்றில்தான் இது அதிகம். சில மாதங்களுக்கு அவற்றைத் தவிர்த்துவிட்டுப் பயிற்சியைத் தொடருங்கள்.


முருகன்குறிச்சி | ஞாயிறு, இரவு 8:40

நன்றி அண்ணாச்சி. இன்றைக்கு மாலை நடந்தது: அப்பா ஒரு கடையில் அல்வா வாங்கி வந்தார். நீங்கள் சொன்னபடி அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு, விட்டுவிட்டு ஒரு துண்டு. "இரண்டாவதில் நெய் இருக்கிறது" என்றார். எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சி. உடனே முகத்தைச் சுளித்தார். "சிக்கு வாடை. பழைய நெய்." நானும் அப்பாவும் முகர்ந்து பார்த்தோம், எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பா இப்போது கடைக்குப் போய்ச் சண்டை போடலாமா என்று சட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறார். இது மூக்கின் கோளாறா, நெய்யின் கோளாறா?


கொக்கிரகுளத்தான் | ஞாயிறு, இரவு 8:44

சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். மிச்ச அல்வாவை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி இங்கே வாருங்கள், பார்த்துவிடலாம்.